பெரிய சோதனை இல்லாத ஊர்

1

போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை தயா அக்கா வீட்டில் கேக் வெட்டினார்கள். அவருடைய மகள் அபிக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு கொண்டாடுவது ஊர் வழக்கம். இங்கே டொரன்டோவில் இடம் கிடைத்தாலே மண்டபம் பிடிக்கிறார்கள். தயா அக்கா அவ்வளவு ஆடம்பரக்காரி இல்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் பலூன் கட்டி, தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டார். கேக்கின் மேல் டாக்டர்கள் கழுத்தில் போடும் குழாயைச் சீனியில் செய்து வைத்திருந்தார்கள்.

என் மகள் தாரணியும் பக்கத்தில் நின்று கை தட்டினாள். அவளும் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே படிப்புக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். இடம் இல்லை என்று அவளுக்குப் பதில் வந்தது அதற்கு முந்தைய வாரம். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அபிக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுத்ததே தாரணிதான். எங்கள் சமையலறை மேசையில், நான் இடியப்பம் பிழிகிற நேரமெல்லாம் இவள் சொல்லுவாள், அவள் எழுதுவாள். கடைசியில் அந்தப் பாடத்தில் அபிக்குத் தொண்ணூற்றாறு. தாரணிக்கு எழுபத்தொன்பது.

தயா அக்கா கேக் துண்டோடு வந்து எனக்கு ஊட்டினார். வாயைத் திறந்தேன், வேறென்ன செய்வது? நல்ல கேக்தான். வயிற்றெரிச்சலோடு தின்றேன்.

பதுளையிலும் தெமோதரையிலும் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள், சொல்லிக் கொடுத்தவளுக்குக் குறைய, கேட்டுப் படித்தவளுக்குக் கூட, அது எப்படி என்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது. தாதிமார் எங்களுக்கு மேலே. ஒரு மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்க முடியாது. அவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். கையில் பேனா இருக்கிறது என்பதற்காகவே வாயை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தாரணி சின்னவளாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் என் வேலை முடியும்வரை அந்த இல்லத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஒரு தாதி என்னை எல்லோர் முன்னாலும் ஏசினாள். ஈரத் துணியை எங்கேயோ மாற்றி வைத்துவிட்டேனாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளை கேட்டாள்.

“அம்மா, அவங்க ஏன் உங்ககிட்ட அப்பிடிப் பேசுனாங்க?”

“அவங்க நர்ஸ் கண்ணு. பேசுவாங்க.”

“நான் நர்ஸா வந்தா அப்பிடிப் பேச மாட்டேன்.”

அன்றைக்குப் பிடித்த ஆசை, அவளை விட்டுப் போகவே இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்வி வந்தபோது நானும் அவள் அப்பாவும் தலைகீழாக நின்று யோசித்தோம். என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன். இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பக்கத்தில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம் இலவசம். ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எல்லோருக்கும் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“எல்லாருக்கும் தொண்ணூறு போடுறவன் வாத்தியாரா? தராசுல கல்லு வைக்காமலே நிறுக்கிறவன் அவன்.”

தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனோம். அங்கே துணை அதிபர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மா, எழுந்து நின்று சொன்னார்: “எங்களிடம் எண்பது வாங்குவதே கடினம். அதை விரும்பாதவர்கள் இப்போதே வேறு இடம் பார்க்கலாம்.” சில பெற்றோர் முகத்தைச் சுளித்தார்கள். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இதுதானய்யா பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது எங்களுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துக்காக இவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை விற்றார், நான் என் முதுகை விற்றேன். அந்தக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை.

3

குறைத்துப் புள்ளி போடுகிற இடம்தான் நல்ல இடம் என்ற நம்பிக்கை எங்களுக்கு எங்கிருந்து வந்தது? பதுளையிலிருந்து வந்தது.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஓ.எல். பாஸாகி, பதுளை டவுனுக்கு ஏ.எல். விஞ்ஞானம் படிக்கப் போன பிள்ளைகளை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் அதில் ஒருத்தி. ரயிலில் போவோம். ரயில் பிந்தினால் பஸ், பஸ்ஸும் இல்லையென்றால் நடை. இரசாயனவியல் படிப்பித்தவர் கதிர்வேல் சேர். புள்ளி போடுவதில் மனுசன் மகா கஞ்சன். விடை சரியாக இருக்கும், அலகு எழுத மறந்திருப்போம், மொத்தப் புள்ளியும் போய்விடும். சமன்பாட்டில் அம்புக்குறி கோணலாக இருந்தால் அதற்கும் வெட்டுவார். முதல் தவணையில் எனக்கு முப்பத்துநாலு. வகுப்பிலேயே அதுதான் இரண்டாவது கூடின புள்ளி என்றால் மற்றவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து, வாசலில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன்டி அழுவுற?”

“கெமிஸ்ட்ரியில முப்பத்திநாலுப்பா.”

“அது வாத்தியாரு போட்ட மார்க்குதானே? சர்க்காரு மார்க்கு இனிமேதானே வரப்போவுது? இவரு கையில கொறச்சு வாங்குனாத்தான் சர்க்காரு கையில கூட வாங்குவ. போ, போயி தேத்தண்ணி குடி.”

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. அரசாங்கம் வைக்கிற ஏ.எல். சோதனையில் எங்களுக்குப் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டும்தான். எங்கேயோ இருக்கிற யாரோ திருத்துவார்கள். அவர்களுக்குக் கதிர்வேல் சேரையும் தெரியாது, என்னையும் தெரியாது. முடிவு வந்தபோது எனக்கு இரசாயனவியலில் பி. வருடம் பூராவும் எண்பதும் தொண்ணூறும் அள்ளிப் போட்ட இன்னொரு பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அந்தப் பாடத்தில் விழுந்தார்கள்.

அதனால் எங்கள் பக்கத்தில் தவணைப் புள்ளிக்கு மரியாதையே இல்லை. அது உள்வீட்டு விவகாரம். வாத்தியார் வெட்டட்டும், குறைக்கட்டும், அழவைக்கட்டும், எல்லாம் பெரிய சோதனைக்காக. பெரிய சோதனை ஒன்று வரும், அன்றைக்கு உண்மை வெளியே வரும். இந்த எண்ணத்தை நானும் இவரும் எங்கள் பெட்டிகளோடு சேர்த்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

4

தாரணியின் முதல் அறிக்கையில் அறுபத்தெட்டும் எழுபத்தொன்றுமாக இருந்தது. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அந்த அறிக்கையைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, நல்ல பள்ளிக்கூடம், நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்.

ஆசிரியர்களைச் சந்திக்கும் நாளில் இன்னும் மோசம். ஊரில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாத்தியாரிடம் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உரியுங்கள் என்பார்கள். அது ஒரு மரியாதை. உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்று அர்த்தம். இவரும் அந்த மரியாதையைச் செய்தார். இரசாயனவியல் ஆசிரியர் ஓர் இளம் வெள்ளைக்காரர். அவர் முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் மகளுக்கு லேசில் மார்க் போடாதீர்கள், நன்றாக வெட்டுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம் என்றார்.

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பிள்ளைக்கு இன்னும் இரண்டு மார்க் தரக்கூடாதா என்று கேட்டு வருகிற பெற்றோரைத்தான் அவனுக்குத் தெரியும். தாரணியின் முகம் சிவந்துவிட்டது. காரில் ஏறியதும் வெடித்தாள்.

“அப்பா, இந்த மார்க்கைத்தான் யுனிவர்சிட்டி பாக்கும். அபியோட ஸ்கூல்ல இதே ஆன்சருக்கு நைன்டி குடுப்பாங்க. என்னை அங்க மாத்துங்க.”

“எந்த மார்க்கு? டீச்சர் போடுற மார்க்கா? அது சும்மா. பெரிய சோதனை வரட்டும், அப்ப தெரியும் யாரு யாருன்னு.”

“அப்பிடி ஒண்ணு இல்லப்பா.”

“இல்லாம எப்பிடி? நாடுன்னு இருந்தா சோதனை இருக்கும்.”

நான் யார் பக்கம் என்றால், இவர் பக்கம்தான். பிள்ளை கஷ்டத்துக்குப் பயந்து கதை விடுகிறாள் என்று நினைத்தேன். வருடா வருடம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வரிசையாக மேசை போட்டுச் சோதனை வைப்பார்கள். அதை எல்லாம் ஒத்திகை என்று எடுத்துக்கொண்டோம். லண்டனில் இருக்கிற இவர் அண்ணன் மகன் பெரிய சோதனை எழுதித்தான் உள்ளே போனான். லண்டனில் இருக்கிறது கனடாவில் இல்லாமல் போகுமா என்ன?

இத்தனை வருடம் இங்கே இருந்தும் இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். பஸ் ஓட்டம், வரி கட்டுவது, பனி வழிப்பது எல்லாம் தெரியும். முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் ஒன்றாகவே இருக்கிற வீட்டில் பள்ளிக்கூட விவகாரம் தெரியவருகிற நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தை முடித்துவிடுகிறது.

5

பதில் வந்த நாள் தாரணி அழவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். வருந்துகிறோம், இந்த வருடம் போட்டி அதிகம், வாழ்த்துகள். மூன்று வரி.

இவர் பதறவே இல்லை. “இது முன்னேற்பாடா அனுப்புறது. சோதனை முடிவு வந்தா மாத்துவாங்க. லண்டன்ல அப்பிடித்தான்” என்றார். பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அவரைப் பார்த்துப் பாவப்பட்டாள் என்று எனக்குத் தோன்றியது, அது இன்னும் சுட்டது.

அடுத்த நாள் துணை அதிபரைப் பார்க்கப் போனோம். இவர் இரவு வேலை முடிந்து தூங்காமல், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மா எங்களை அன்பாகத்தான் உட்கார வைத்தார். தாரணி மிகத் திறமையான பிள்ளை, எங்கள் எழுபத்தொன்பது வெளியில் தொண்ணூற்றைந்துக்குச் சமம், பல்கலைக்கழகங்களுக்கு அது தெரியும் என்றார்.

“தெரிஞ்சா ஏன் இல்லைன்னு அனுப்பினாங்க?” என்று கேட்டேன்.

“அது அவர்களுடைய முடிவு. எங்கள் தரத்தை நாங்கள் இறக்க முடியாது.”

இவர் கையைக் காட்டி என்னை அடக்கினார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிற குரலில் கேட்டார்: “பரவாயில்லை மேடம். அரசாங்கத்தின் பெரிய சோதனை எந்த மாதம்? அதில் என் மகள் காட்டுவாள்.”

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. இவர் இன்னொரு முறை கேட்டார். எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் எழுதுகிற சோதனை, வெளியாட்கள் திருத்துகிற சோதனை. கையால் வரிசை வரிசையாக மேசைகளைக்கூடக் காட்டினார். அந்த அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்படி ஒன்றும் இங்கே கிடையாது, பள்ளிக்கூடத்தில் போடுகிற மார்க்தான் போகும், எப்போதும் அப்படித்தான் என்றார்.

இவர் என்னிடம் திரும்பித் தமிழில், “இல்லையாம் வசந்தா” என்றார். தாரணி எத்தனையோ தடவை சொன்ன அதே வார்த்தை. வெள்ளைக்காரி வாயால் வந்த பிறகுதான் அவருக்குக் காது கேட்டது, எனக்கும்தான்.

வெளியே வந்து காரில் ஏறி, சாவியைப் போட்டு, ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேலும் வந்தது. எங்கள் எழுபத்தொன்பது வெளியில் தொண்ணூற்றைந்து என்று மூடிய அறைக்குள் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதை அறிக்கையில் ஒரு வரி எழுத முடியவில்லை. தரமாம் தரம். அவர்களுடைய தரத்துக்கு என் பிள்ளை விலை கொடுத்தாள்.

6

மனசு கேட்காமல் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டேன். நீண்ட நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள். என் மகளுடைய பள்ளிக்கூடம் கடுமையாகப் புள்ளி போடுகிற இடம், அதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்டேன். மிகவும் மரியாதையாகச் சொன்னாள், விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன, இந்தப் படிப்புக்குச் சராசரியைத்தான் பார்ப்போம், குறித்த சராசரிக்குக் கீழே என்றால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று. நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஊரில் இருந்தபோது அரசாங்கத்தைத் திட்டாத நாள் இல்லை. இப்போதும் திட்டுவேன், திட்ட நிறைய இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பதுளைப் பிள்ளை கூரை ஒழுகுகிற வகுப்பில், பாதிப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் படிக்கிறது என்று கொழும்பில் யாரோ ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பல்கலைக்கழகம் போவதற்கு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். எங்களுக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தார்கள். இந்தக் குறைந்த வெட்டுப்புள்ளியைப் பிடிக்க வெளி மாவட்டத்துப் பணக்காரப் பிள்ளைகள் பதுளையில் விலாசம் காட்டி வந்து சேர்ந்தது தனிக் கதை. என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி வந்தாள். அவள் இப்போது டாக்டர் என்று கேள்வி. நான் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்று, இப்போது இங்கே கிழவர்களுக்கு உடுப்பு மாற்றுகிறேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஊரில் சுவர் என்று ஒன்று இருந்தது, அதில் ஓட்டை போட்டு வந்தார்கள். இங்கே சுவரே இல்லை. ஒரு பள்ளிக்கூடம் படிக் கணக்கில் அளக்கிறது, இன்னொன்று கரண்டிக் கணக்கில் அளக்கிறது, வாங்குகிறவன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிப் போகிறான். இவ்வளவு பெரிய நாடு, இவ்வளவு கம்ப்யூட்டர், ஒரு கதிர்வேல் சேர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இவர்களிடம் வழி இல்லை.

7

கேக் வெட்டிய அன்று, பாத்திரம் கழுவ உதவி செய்தபோது தயா அக்கா என்னை ஓரமாக இழுத்தார். அவர் யாழ்ப்பாணம், கரவெட்டி. முதன்முதல் சந்தித்த நாள் “நீங்கள் எவடம்?” என்று கேட்டு, பதுளை என்றதும் “ஓ, தோட்டமோ?” என்று அந்த ஓவை ஒரு முழம் இழுத்தவர். அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார், அந்த ஓவை மட்டும் நான் மறக்கவில்லை.

“வசந்தா, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். அந்தப் பள்ளிக்கூடத்தில ஏன் விட்டனீர்? இஞ்ச நல்லா மார்க் போடுற இடமாப் பாத்தெல்லோ விடோணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.”

“எங்களுக்குத் தெரியாதுக்கா.”

“அபியும் கெமிஸ்ட்ரியை வெளியிலதான் எடுத்தவள். மாடியில ஒரு இடம் இருக்கு. காசைக் கட்டினா நல்ல மார்க் வரும். தாரணியும் அதை ஒருக்கா எடுத்துப்போட்டு அடுத்த வருசம் போடட்டும். இடம் நிச்சயம்.”

ஒளிக்காமல் சொன்னார். அது நல்ல மனசுதான். அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் போனோம். துணிக்கடைக்கு மேலே, மாடிப்படியில் மல்லிகைப் பூச் சாம்பிராணி வாசம். அதுவும் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளிக்கூடமாம், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பத்திரம் சுவரில் தொங்கியது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நம்முடைய ஆள்தான், டை கட்டியிருந்தார்.

“எத்தனை எதிர்பாக்கிறீங்க?” என்று கேட்டார்.

இவருக்குப் புரியவில்லை. “எத்தனை பாடமா?”

“மார்க் எத்தனை? நைன்டியா, நைன்டி ஃபைவா?”

“மார்க்கு இவ எழுதுறதப் பொறுத்து நீங்கதானே போடணும்?”

அந்த மனிதர் சிரித்தார். வந்தவர்கள் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் பேசுவார்களாம். தாரணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆய்வுகூடம் எங்கே என்று. வீடியோ பார்த்து எழுதலாம், வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம் என்றார். தாரணி நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து நான் கெஞ்சினேன். எல்லோரும் செய்கிறார்கள் என்றேன், அபி செய்தாள் என்றேன், ஒரு வருடம்தானே என்றேன். இவர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பேச அவருக்கு என்ன முகம் இருக்கிறது?

“அம்மா, எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி உக்காந்து, காசு குடுத்து வாங்கணுமா? நான் காலேஜ்ல டிப்ளோமா எடுக்கிறேன். அங்க இடம் குடுத்துட்டாங்க.”

“அது ஒரு படி கீழம்மா. அபி ஒனக்கு மேல நிப்பா.”

“நிக்கட்டும்.”

டிப்ளோமா எடுத்தாலும் தாதிதான். ஆனால் பட்டம் எடுத்த தாதிக்குக் கீழே. மேலே இருக்கிறவள் கீழே இருக்கிறவளிடம் எப்படிப் பேசுவாள் என்று நான் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நர்ஸாக வந்தால் அப்படிப் பேச மாட்டேன் என்று கிளம்பிய பிள்ளை, அப்படிப் பேச்சு வாங்குகிற வரிசையில் போய் நிற்கப் போகிறாள்.

இந்த இடத்தில் என் மகளின் நேர்மையைப் பார்த்துப் பூரித்துப்போனேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். நான் பூரிக்கவில்லை. எனக்கு அந்தத் தொண்ணூற்றைந்து வேண்டும். மாடியில் விற்றாலும் வேண்டும், நடைபாதையில் விற்றாலும் வேண்டும். அதை வாங்கிக் கொடுக்க விடாமல் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதத்தையும் நாங்கள்தான் ஊட்டி வளர்த்தோம். சும்மா வருகிற மார்க் மார்க்கே இல்லை என்று அவள் காதில் ஓதினது யார்?

ஞாயிற்றுக்கிழமை அபி வந்தாள், புத்தகத்தோடு. பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே இரசாயனவியல் இருக்கிறதாம், அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். தாரணி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நான் தேத்தண்ணி ஊற்றி இரண்டு பேருக்கும் வைத்தேன்.

8

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் இவர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்து அறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து மனுசன் அப்படித்தான், எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயே இருந்துவிடுகிறார். தாரணி கல்லூரிக்குப் பணம் கட்டுகிற பக்கத்தைக் கைத்தொலைபேசியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்போது ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார் என் அண்ணன் முருகையா.

அண்ணன் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இருக்கிறார். அங்கே சாயங்காலப் பூசை நேரம். அவருக்குப் பின்னால் மாரியம்மன் கோயில் வாசல் தெரிந்தது, பூசாரி வெற்றிலைத் தட்டோடு நின்றார். தோட்டத்துப் பிள்ளைகள் யார் ஓ.எல். எழுதினாலும் ஏ.எல். எழுதினாலும் அந்தப் பேனாவை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுக்கிறதும், சோதனை நாள் காலையில் பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்கிறதும் எங்கள் லயத்து வழக்கம். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

“தங்கச்சி, புள்ள சோதனை என்னைக்குன்னு சொல்லவே இல்லையே? பூசாரி கேக்குறாரு. அன்னைக்கு வேற பூச இல்லாம பாத்துக்கணும். நாள சொல்லு, நட்சத்திரம் நான் சொல்லிக்கிறேன்.”

இவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயெடுத்தேன். எந்த மாதம் என்று சொல்வது? அதற்குள் தாரணி என் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள்.

“மாமா, சோதனை முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சிருச்சா? எப்ப கண்ணு? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, நாங்க ஒண்ணுமே செய்யலையே!”

“நாலு வருசமா நடந்துச்சு மாமா. தெனமும் நடந்துச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது.”

அண்ணனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தார்.

“கனடாப் புள்ள, வாயப் பாரு! சரி, பாஸா இல்லையா? அத சொல்லு.”

தாரணி பால்கனிக் கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவின் முதுகு தெரிந்தது. என்னையும் ஒரு முறை பார்த்தாள்.

“பாஸ்தான் மாமா.”

“அப்பிடிச் சொல்லு!” என்று அண்ணன் போனைப் பிடித்தபடியே திரும்பி, “சாமி, நம்ம வசந்தா மக பாஸாம், ஒடைங்க!” என்றார். பூசாரி தேங்காயை ஓங்கி அடித்தார். கூட நின்றவர்கள் யாரோ என் பெயரைச் சொல்லிச் சந்தோசப்பட்டார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்திருக்கிறது, நல்ல சகுனம் என்று அண்ணன் இரண்டு மூடியையும் தூக்கிக் காட்டினார். தாரணி கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.